இரவல் போன மடக்குக் கத்தி பழுதாகித் திரும்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆசையாக வைத்திருந்த மடக்குக் கத்தியை யாருக்கோ இரவல் கொடுத்தீர்கள். திரும்பி வந்ததைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எரியட்டும், ஆனால் அந்த எரிச்சலோடு கத்தியைத் தூக்கிக்கொண்டு சாணைக்காரரைத் தேடிப் போகாதீர்கள். இரவல் வாங்கியவர் அரை நிமிஷ அவசரத்தில் செய்த சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அதை மறைக்க அவரோ, சரிசெய்ய நீங்களோ அடுத்த பத்து நிமிஷத்தில் செய்யும் வைத்தியம்தான் பல நேரம் கத்தியைக் கொன்றுவிடுகிறது.

இதை இரண்டு வகைக் கத்திகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்று, சிவப்புப் பிடி போட்ட விக்டோரிநாக்ஸ் ஸ்விஸ் ஆர்மி கத்தி. அதிலும் ஸ்பார்ட்டன், ஹண்ட்ஸ்மேன் போன்ற 91 மில்லிமீட்டர் மாடல்கள். இன்னொன்று, மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஓப்பினெல். வேறு கம்பெனிக் கத்தியாக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

கைவைக்கும் முன்

எல்லாக் கருவிகளையும் திறந்து, டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கத்தியின் வாய், அதாவது வெட்டும் ஓரம், மேலே பார்த்தபடி பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூரான வாய் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எங்கே வெள்ளையாக ஒரு புள்ளியோ கோடோ மின்னுகிறதோ, அங்கேதான் பிரச்சினை. அலகை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு இடது வலதாக அசைத்துப் பாருங்கள். மூடிய நிலையில் முனை எங்காவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள், மெதுவாக.

இதெல்லாம் ஆன பிறகு, வாங்கிப் போனவரிடம் ஒரே ஒரு கேள்வி: கத்தி என்ன வேலைக்குப் போனது? தேங்காய்க்கும் கடல் தண்ணீருக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் பலாப்பழத்துக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் உண்மையான பதில் உங்களுக்கு வேண்டும். "என்னடா பண்ணித் தொலைச்ச என் கத்திய?" என்று ஆரம்பித்தால், "ஒண்ணுமே பண்ணலயே மச்சான், வாங்கும்போதே இப்படித்தானே இருந்துச்சு" என்பதுதான் வரும். "மச்சான், இதுல துரு ஏறியிருக்கு. உப்புத் தண்ணின்னா ஒரு மாதிரி கழுவணும், எலுமிச்சம்பழம்னா வேற மாதிரி. எதுல பட்டுச்சு?" என்று கேளுங்கள். கடற்கரைக்குப் போனது தானாக வெளியே வரும். பெரியவராக இருந்தால் இன்னும் சுலபம்: "மாமா, இதால டப்பா மூடி ஏதாவது நெம்புனீங்களா? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பட்டறையில சொல்லிடுவேன்." நாலு பேர் இருக்கும்போது கேட்காதீர்கள். கத்தியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டும் கேட்காதீர்கள்.

மழுங்கியிருக்கிறது, ஆனால் வாயில் பல் (சின்ன உடைசல்) எதுவும் விழவில்லை

விக்டோரிநாக்ஸ் அலகின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவுகோலில் 56 அளவில்தான் இருக்கும். ஜப்பானியச் சமையல் கத்திகள் பலவும் 60ஐத் தாண்டும். இந்தக் குறைவு வேண்டுமென்றே வைத்தது. மென்மையான எஃகு உடைவதற்குப் பதிலாக மடங்கிக்கொள்ளும். அதனால் இரவல் போய் வந்த ஸ்விஸ் கத்தி "வெட்டவே மாட்டேங்குது" என்றால், பல நேரம் வாய் தேய்ந்திருக்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி: காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, அலகின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் தடவிக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கத்தில் பஞ்சு மாட்டினால் அந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது. இதற்குக் கல்லே வேண்டாம். பீங்கான் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் கத்தியை, கத்தியின் கனத்துக்கு மேல் அழுத்தம் கொடுக்காமல், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுங்கள். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னால் போகும்படி சில முறை தேயுங்கள். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அதற்கும் கேட்கவில்லை என்றால் நிஜமாகவே தேய்ந்திருக்கிறது. 1000 நம்பர் தண்ணீர்க் கல் நல்லது (நம்பர் கூடக் கூடக் கல் நயமாகும்). தச்சரிடம் இருக்கும் ஆயில் ஸ்டோனின் நயமான பக்கமும் போதும். கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. கோணமானி எல்லாம் தேவையில்லை: அலகின் அகலத்தில் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் அந்தக் கோணம் வந்துவிடும். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கத்தில் வாய் நெடுக மெல்லிய பிசிறு எழும்பும் வரை தேய்க்க வேண்டும்; எழும்பியதும் பக்கம் மாற்ற வேண்டும். பிசிறு எழும்பாமலே பக்கம் மாற்றிக்கொண்டிருப்பதால்தான் பலருக்கு மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வருவதில்லை.

வாயில் பல் விழுந்திருக்கிறது

கோழி எலும்பு, தேங்காய்ச் சிரட்டை, ஒயர், பீங்கான் தட்டின் மேல் வைத்து வெட்டியது. இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நகத்தை வாயின் நெடுக லேசாக ஓட்டும்போது மட்டும் தட்டுப்படுகிற சின்னப் பல்லை விட்டுவிடுங்கள். அடுத்தடுத்துச் சாதாரணமாகத் தீட்டும்போது தானாகக் கரைந்துவிடும். அதை ஒரே நாளில் எடுக்க வேண்டுமென்று முரட்டுக் கல்லில் தேய்த்தால், ஐந்தாறு வருஷத்துக்குத் தேய வேண்டிய எஃகு ஒரே சாயங்காலத்தில் போய்விடும்.

கண்ணுக்கே தெளிவாகத் தெரிகிற பல் என்றால் வாயை மொத்தமாகக் கீழே இறக்க வேண்டியதுதான். பல் விழுந்த இடத்தை மட்டும் தேய்க்கக் கூடாது. அங்கே பள்ளம் விழுந்து, காய் நறுக்கும்போது அந்த இடம் பலகையைத் தொடாமலே போகும். 400 நம்பர் கல்லில், வாயின் முழு நீளமும் சமமாகத் தேயும்படி செய்துவிட்டு, அப்புறம் 1000க்குப் போங்கள்.

முனை உடைந்திருக்கிறது

இரவல் கத்திக்கு வரும் வியாதிகளில் இதுதான் முதலிடம். கத்தியின் முனைதான் எல்லாவற்றிலும் மெல்லிய இடம். வாங்கிப் போகிறவர் கண்ணுக்கு அது திருப்புளியாகவும் கடப்பாரையாகவும் தெரியும். பெயின்ட் டப்பா மூடி, ரிமோட்டின் பேட்டரி மூடி, சுவரில் அடித்த ஆணி. இத்தனைக்கும் ஸ்பார்ட்டனிலேயே பாட்டில் ஓப்பனரின் நுனியில் அகலமான திருப்புளி இருக்கிறது; நெம்புகிற வேலைக்கு அது நன்றாகவே தாங்கும். அதைத் திறந்து காட்டிக் கொடுக்காமல் கத்தியைக் கொடுத்தால், அவர் கைக்கு முதலில் அகப்படுவது பெரிய அலகுதான்.

முனை வளைந்து மட்டும் வந்திருந்தால், சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். பதம் கொடுத்த எஃகு ஒருமுறை வளைந்ததையே பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைஸில் வைத்து, மிக மெதுவாக இறுக்கினால் கொஞ்சம் நிமிரும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். பாதி நிமிர்ந்ததோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம், மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும்.

முனை உடைந்தே போயிருந்தால் புது முனை செய்ய வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். கூர் வர வேண்டும் என்று வாய்ப்பக்கத்திலிருந்து முதுகை நோக்கித் தேய்த்துக் கொண்டுபோகிறார்கள். அப்படிச் செய்தால் புது முனை முதுகின் உயரத்தில் வந்து நிற்கும். மடக்குக் கத்தியை மூடும்போது வாய் பிடிக்குள்ளே போகும், முதுகு வெளியே இருக்கும். ஆக, முதுகு உயரத்தில் இருக்கும் முனை மூடிய பிறகும் வெளியே எட்டிப் பார்க்கும். பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டால் குத்தும், துணியையும் கிழிக்கும். தேய்க்க வேண்டியது முதுகுப் பக்கம். உடைந்த இடத்திலிருந்து முதுகைச் சரிவாக இறக்கிக்கொண்டு வந்து, வாயின் கோட்டோடு சேர்க்க வேண்டும். வாயைத் தொடவே கூடாது. அலகு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாகும். வடிவம் கொஞ்சம் மாறும். ஆனால் மூடினால் முனை பத்திரமாக உள்ளே உட்காரும்.

மெஷின் வேண்டாம், கையால் செய்யுங்கள். 400 கல், தண்ணீர், பொறுமை. நாலைந்து தேய்ப்புக்கு ஒருமுறை கத்தியை மூடிப் பார்த்து முனை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். புது முதுகின் ஓரங்களை உப்புத்தாளால் லேசாக மழித்துவிட்டால், பார்க்கிறவருக்கு முனை உடைந்த கதையே தெரியாது.

சாணை பிடித்துக் கொடுத்திருக்கிறார்

நல்ல மனசோடு செய்யப்படும் சேதம் இது, அதனால் சண்டை போடவும் முடியாது. "மழுங்கியிருந்துச்சுண்ணே, அதான் தீட்டி எடுத்துட்டு வந்தேன்" என்று சிரித்த முகத்தோடு நீட்டுவார். வாங்கிப் பார்த்தால் அலகின் பக்கவாட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், வாய் அலை அலையாக ஓடுகிறது, பிடிக்குப் பக்கத்தில் ஒரு குழி. முனையில் நீலமாகவோ பழுப்பாகவோ ஒரு நிழல்.

கீறலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வாசற்படியிலோ தண்ணீர்த் தொட்டி விளிம்பிலோ தேய்த்திருந்தாலும் இதே கீறல்தான் வரும். பிராஸோ போட்டுத் துடைத்தால் மங்கும். முழுக்கப் போக்க வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் அலகின் அடியில் பொறித்திருக்கும் கம்பெனி முத்திரையும் சேர்ந்து போய்விடும். விட்டுவிடுவதே மேல்.

நிழல்தான் விஷயம். கொல்லர்கள் பதம் என்று சொல்வது கத்தியைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிக் கொண்டுவரும் கடினத்தன்மை. அந்த அளவான சூட்டைத் தாண்டி மறுபடி சூடானால் எஃகு மெத்துப் போய்விடும். தண்ணீர் இல்லாமல் சுற்றும் சாணைச் சக்கரத்தில், முனை மாதிரி மெல்லிய இடம் ஒரு நொடியில் அந்தச் சூட்டை எட்டிவிடும். கார்பன் எஃகில் சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிறிய வைக்கோல் நிறம் வரும். 300ஐ நெருங்கும்போது நீலம் வரும். ஸ்டெயின்லெஸ் எஃகில் அதே நிறங்கள் தெரிய இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆகவே ஸ்விஸ் கத்தியில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிறத்தை மட்டும் துடைத்து எடுத்துவிட்டுக் கொடுத்திருந்தால்? தீட்டிப் பாருங்கள். சுலபமாகக் கூர் வரும், பத்து வெங்காயம் நறுக்குவதற்குள் காணாமல் போகும். திரும்பத் திரும்ப இதே கதை, அதுவும் ஒரே இடத்தில் என்றால் அந்த இடம் வெந்திருக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், வெந்த பகுதி பெரும்பாலும் வாயின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டைதான். மறுபடி பதம் போட பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். கத்தியை முழுக்கப் பிரிக்காமல் அது நடக்காது, பிடியும் ஸ்பிரிங்கும் அந்தச் சூட்டைத் தாங்காது. தண்ணீர்க் கல்லில் சாதாரணமாகத் தீட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் வெந்த பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து, அடியில் இருக்கும் நல்ல எஃகு மேலே வரும். ஒருநாள் தீட்டியது நிற்க ஆரம்பிக்கும். அதற்குச் சில மாதம் ஆகலாம். நீலம் அலகின் பாதி அகலம் வரை ஏறியிருந்தால் மட்டும் அந்தக் கத்தியைக் காய்கறிக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

தெருவில் வருகிற சாணைக்காரரைக் குறை சொல்லவில்லை. அரிவாள்மனைக்கும் கசாப்புக் கத்திக்கும் அவர் கைதான் கை. இவ்வளவு மெல்லிய சின்ன அலகு அந்தச் சக்கரத்துக்கு ஏற்ற பொருள் இல்லை.

அலகு ஆடுகிறது, அல்லது "டக்" என்று நிற்பதில்லை

இரண்டும் வேறு வேறு நோய். அலகு முழுசாகத் திறந்த நிலையில் பக்கவாட்டில் ஆடினால், அலகைப் பிடியோடு பிணைக்கும் ஆணி, அதாவது ரிவெட், தளர்ந்திருக்கிறது. யாரோ பக்கவாட்டில் திருகியிருக்கிறார்கள். பாதி திறந்த நிலையில் லேசாக ஆடுவது சகஜம், அதற்குப் பயப்படாதீர்கள். திறக்கும்போதும் மூடும்போதும் வரவேண்டிய "டக்" இல்லை என்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

ஸ்விஸ் கத்தியில் இதைப் பிரித்தறிய ஒரு வசதி இருக்கிறது. 1897ல் விக்டோரிநாக்ஸ் நிறுவனர் கார்ல் எல்ஸனர் பதிவு செய்த ஆபிசர் கத்தியிலிருந்தே ஒரே ஸ்பிரிங் பல கருவிகளைத் தாங்கும் அமைப்புதான். ஸ்பார்ட்டனில் பெரிய அலகும் சின்ன அலகும் ஒரே ஸ்பிரிங்கின் இரு முனைகளில் உட்கார்ந்திருக்கின்றன. பெரியது தொளதொளவென்று இருக்க, சின்னது மட்டும் விறைப்பாக நின்றால் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய அலகின் அச்சில்தான் கோளாறு. இரண்டுமே செத்துக் கிடந்தால் ஸ்பிரிங்கில் விரிசல் இருக்கலாம்.

ஸ்பிரிங் போனால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. தளர்ந்த ரிவெட்டைச் சிலர் வைஸில் வைத்து அழுத்தி இறுக்குவார்கள். கால் சுற்று கூடினாலும் அலகு திறக்கவே வராமல் கவ்விக்கொள்ளும். பழக்கம் இல்லை என்றால் வேண்டாம். கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புங்கள். விக்டோரிநாக்ஸ் கொடுக்கும் ஆயுள் உத்தரவாதம் எஃகிலோ தயாரிப்பிலோ இருக்கும் குறைகளுக்கு மட்டும்தான். நெம்பி உடைத்ததற்குச் செல்லாது. உண்மையைச் சொல்லி, ஆகிற காசைக் கொடுத்துவிடுவது நல்லது. இன்னொரு எச்சரிக்கை: சரிசெய்ய முடியாத கத்திக்குப் பதிலாகப் புதுக் கத்தி வந்து சேர வாய்ப்பு உண்டு. அப்பா வைத்திருந்தது, பெயர் பொறித்தது என்றால், "இதே கத்திதான் வேண்டும், முடியாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

அலகைத் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் வகைக் கத்தியில் பூட்டு நழுவினால், அதைச் சரிசெய்யும் வரை பெட்டியிலேயே வைத்திருங்கள். விரலின் மேல் மூடும் கத்தியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

திறக்க முரட்டுத்தனமாக இருக்கிறது

மணலும் ஜூஸும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். கத்தியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து ஒவ்வொரு கருவியையும் பலமுறை திறந்து மூடுங்கள். அடியில் கறுப்பாக மண் இறங்குவதைப் பார்க்கலாம். நன்றாக அலசி, துடைத்து, எல்லாம் திறந்த நிலையில் மின்விசிறிக்கு அடியில் காயவிட்டு, மூட்டுகளில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.

எந்த எண்ணெய்? சமையல் எண்ணெய் வேண்டாம். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுத்து, இருந்ததைவிட மோசமாகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் போனால் கத்தியும் விறைத்துக்கொள்ளும். பழம் வெட்டும் கத்திக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. தையல் மெஷின் எண்ணெயும் மூட்டுக்கு ஆகும், ஆனால் அலகில் வழிந்ததைத் துடைத்துவிட்டே பழம் வெட்டுங்கள்.

பலாப் பிசின் ஒட்டியிருந்தால் மட்டும் தேங்காய் எண்ணெய்க்கு வேலை உண்டு. துணியில் தொட்டுத் தேய்த்தால் பிசின் இளகி வந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீர். அவசரப்பட்டு நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்காதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் பிசினோடு சேர்த்து அந்தச் சிவப்புப் பிடியையும் கரைத்துவிடும்.

நிறம் மாறியிருக்கிறது

ஓப்பினெல் வைத்திருப்பவர்கள் முதலில் அலகைப் பாருங்கள். கார்போன் (கார்பன் எஃகு) என்றோ இநாக்ஸ் (ஸ்டெயின்லெஸ்) என்றோ பொறித்திருக்கும். கார்போன் என்றால், மாங்காயோ எலுமிச்சையோ வெட்டியதும் அலகு சாம்பலாகவும் நீலக் கறுப்பாகவும் மாறுவது சேதமே இல்லை. அந்தப் படலம் துருவைத் தள்ளிப்போடும். அதற்காக யாரிடமும் மூஞ்சியைக் காட்ட வேண்டாம். செம்மண் நிறத்தில், விரலில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் துரு. அதைச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பாட்டில் கார்க்கால் தேய்த்து எடுங்கள். துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள்.

ஸ்டெயின்லெஸ் அலகிலும் துரு வரும். உப்புதான் எதிரி: கடல் தண்ணீர், ஊறுகாய், கருவாடு. மேலே படிந்த பழுப்பு மட்டும் என்றால் சோடாவிலேயே போய்விடும். சில சமயம் அது கத்தியின் துருவே இல்லை, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரிலிருந்து ஒட்டிக்கொண்ட இரும்புத் துணுக்கு. ஊசி குத்தியது போலக் குழிகள் தெரிந்தால் உப்பு உள்ளே அரித்திருக்கிறது. பக்கவாட்டில் இருந்தால் விட்டுவிடலாம். வாயை ஒட்டியிருந்தால் ஒருநாள் அது பல்லாக விழும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மரப்பிடி ஊறி, அலகு வெளியே வரவில்லை

ஓப்பினெல்லை யாரோ பாத்திரத்தோடு பாத்திரமாகத் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறார்கள். பீச் மரம் தண்ணீர் குடித்து ஊதி, அலகைக் கவ்விக்கொண்டது. முதலில் பிடியின் தலையில் அலகைப் பூட்டும் உலோக வளையத்தைப் பாருங்கள். 2000க்குப் பிறகு வந்த கத்திகளில் அந்த வளையம் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும், அதை மறந்துவிட்டு இழுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வளையம் திறந்துதான் இருக்கிறது என்றால், பிடியின் பின்முனையைக் கெட்டியான மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். அலகின் முனை கொஞ்சம் வெளியே வரும். பிரான்ஸின் சவாய் மலைக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வித்தை இது. அப்படியும் வரவில்லை என்றால் நிழலில் சில நாள் காயட்டும். வெயிலில் வைத்தாலோ ஹேர் டிரையர் காட்டினாலோ பிடி பிளந்துவிடும்.

உதிரிகள்

பல்குச்சி, ட்வீசர் காணோம். கத்தரியின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பிடித் தகடு விரிந்திருக்கிறது. எல்லாமே தனியாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வாங்கும்போது கத்தியின் நீளத்தைச் சொல்லி வாங்குங்கள். 58 மில்லிமீட்டர் சாவிக்கொத்துக் கத்தியின் பல்குச்சி 91இல் நிற்காது. பிடித் தகடு ரிவெட் தலைகளில் அழுத்தி மாட்டுவதுதான். உடையாமல் கழன்று மட்டும் வந்திருந்தால் திரும்ப அழுத்தினாலே பாதி நேரம் உட்கார்ந்துகொள்ளும்.

கத்திக்குப் பதில் மன்னிப்பு மட்டும் வந்திருக்கிறது

விமான நிலையம். கைப்பையில் கத்தி இருப்பதையே மறந்துவிட்டுப் போய், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இந்திய விமானங்களில் கேபின் பையில் கத்திக்கு இடமில்லை. லக்கேஜில் போட்டுவிட வேண்டியதுதான். ஆள் இன்னும் விமானம் ஏறவில்லை, நேரமும் இருக்கிறது என்றால், கவுன்டருக்குத் திரும்பிப் போய் லக்கேஜில் சேர்க்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். வழியனுப்ப வந்தவர் வாசலில் நின்றால் அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஏறிவிட்டார் என்றால் கத்தியை மறந்துவிடுங்கள்.

காசு யார் கொடுப்பது

பல்குச்சி, எண்ணெய், தீட்டுவது இதற்கெல்லாம் காசு கேட்பது அசிங்கம். முனை உடைந்தது, ரிவெட் ஆடுவது, கத்தியே தொலைந்தது என்றால் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் தொகையைச் சொல்லிக் கேட்காதீர்கள். சர்வீஸ் பில்லை அனுப்பி, "பாதி நீ போடுடா" என்றால் பெரும்பாலும் முழுசாகவே போட்டுவிடுவார்கள். கத்தியின் விலையை மட்டும் வாய் திறந்து சொல்லாதீர்கள். அவர் மனசில் அது ஒரு பேனாக்கத்தி. நீங்கள் சொல்லும் விலை அவருக்குப் பொய்யாகத்தான் கேட்கும், அல்லது தண்டனையாக.

அதே ஆள் மறுபடி கேட்கிறார்

கையில் கத்தி கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்கலாம். இல்லையென்றால் பாத்திரக் கடையில் சின்னக் கத்தி ஒன்று வாங்கி, இரவலுக்கென்றே டிராயரில் போட்டு வையுங்கள். உங்கள் கத்தியைத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், பாட்டில் ஓப்பனரைத் திறந்த நிலையில் அவர் கையில் கொடுத்து, "நெம்பணும்னா இது, அறுக்கணும்னா அந்தப் பெருசு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.